ஒட்டு டீச்சரும் சிவப்புக் கிளிப்பும்

பட்டதாரி அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள், ஒரே ஒரு ‘உம்’மினால் பதினொரு ஆசிரியர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டான்.

பட்டதாரி என்பது அவன் பெயர் இல்லை. வாட்ச்மேன் வைத்த பட்டம் அது. வந்த முதல் நாளே அவன், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த போட்டோவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துவிட்டான். செருகாமல் என்ன செய்வான்? அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டின ஆள் கிடையாது. அந்த அங்கியை வாடகைக்குத்தான் எடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் வேறு விஷயம். “என்ன பட்டதாரி தம்பி, போட்டோவுல இருக்கறது நீங்களா, உங்க அண்ணனா? அவரு கொஞ்சம் நல்லா இருக்காரே!” என்று வாட்ச்மேன் கேட்டதில் தொடங்கி, வாரக் கடைசிக்குள் பள்ளி முழுக்க அவன் பட்டதாரி ஆகிவிட்டான்.

விஷயம் இதுதான். தலைமை ஆசிரியை அறிவிப்புப் பலகைக்கு இரண்டு வரி சொன்னார்: பிள்ளைகள் எட்டரை மணிக்குள் வர வேண்டும், ஆசிரியர்களும் வர வேண்டும். பலகையில் இடம் போதவில்லை. பிள்ளைகளுக்குத்தான் காலைக் கூட்டத்திலேயே சொல்லியாயிற்றே என்று பட்டதாரி முதல் வரியை வெட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் ஒட்டினான்: ‘ஆசிரியர்களும் காலை எட்டரை மணிக்குள் பள்ளிக்கு வர வேண்டும்.’

பத்து நிமிஷத்தில் பலகைக்கு முன்னால் கூட்டம்.

“ஆசிரியர்களும்னா? நாங்க என்ன இத்தனை நாளா பத்து மணிக்கா ஆடி அசைஞ்சு வந்துட்டிருந்தோம்?” இது கணக்கு டீச்சர்.

“வந்து நாலு நாள் ஆகல. அதுக்குள்ள நம்மளையே கேள்வி கேக்குது பாருங்க.” இது விளையாட்டு வாத்தியார்.

பட்டதாரிக்கு என்ன குற்றம் செய்தோம் என்றே புரியவில்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒல்லியான பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், தோளில் ஒரு துணிப்பை. பை நிறைய துணி காயப்போடுகிற கிளிப்புகள். துவைக்கிற வீட்டிலிருந்து நேராக வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

“தம்பி, இந்த ‘உம்’முக்கு ஜோடி எங்க?”

“என்னங்க?”

“‘உம்’ தனியா நடக்காது. அவனும்னு சொன்னா இன்னொருத்தன் எங்கயோ இருக்கணும். நீங்க ஜோடியை வெட்டிட்டு இதை மட்டும் தொங்க விட்டுட்டீங்க. இப்ப ஆளாளுக்கு ஒரு ஜோடியைக் கற்பனை பண்ணிக்கிறாங்க. லேட்டா வர்ற சோம்பேறிங்களும், ஆசிரியர்களும்.” அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே உருவி, ‘களும்’ என்பதை அடித்து ‘கள்’ என்று எழுதினார். “இப்ப படிங்க.”

படித்தார்கள். கலைந்தார்கள். பதினோரு மணிக்கு ஆசிரியர் அறையிலிருந்து அவனுக்கும் ஒரு டீ வந்தது.

அவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் ஒட்டு டீச்சர். சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தைத் திருப்பிவிடுகிற ஐ, ஆல், கு, உம், ஏ, ஆ எல்லாம் அவருக்கு ‘ஒட்டு’. விகுதி, உருபு, இடைச்சொல் என்று பெரிய வகுப்பில் பிரித்துக்கொள்ளட்டும், எட்டு வயதுக்கு ஒட்டு என்றால் போதும் என்பார். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு கிளிப். கிளிப்பின் மேல் பெயின்ட்டில் எழுத்து. வகுப்பறைக்குக் குறுக்கே ஒரு கொடி கட்டியிருக்கும். அதில் அட்டைகளில் அம்மா, பூனை, தண்ணீர், வந்தார், தூங்கினார் என்று சொற்கள் துணிபோலக் காயும்.

மூன்றாம் வகுப்பு ஜன்னல் எழுத்தர் அறைக்கு எதிரே. பட்டதாரி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் படித்த பள்ளியில் வேற்றுமை என்றால் எட்டையும் உருபோடு வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் முட்டியில் அடி விழும். ஒப்பித்தான், மார்க்கும் வாங்கினான். அதற்கும் தான் பேசுகிற பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

இங்கே ஒரு பையன்தான் நாய், ஒரு சிறுமிதான் பூனை. “துரத்துச்சு. யாரு யாரைத் துரத்துச்சு?” என்று கேட்டு, ‘ஐ’ எழுதின பச்சைக் கிளிப்பைப் பூனையின் காலரில் மாட்டுவார் டீச்சர். ‘ஐ’ மாட்டினவர் ஓட வேண்டும், அதுதான் சட்டம். பூனை ஓடும், நாய் துரத்தும். ஆள்களை இடம் மாற்றி நிறுத்துவார், “நாய் பூனையை, பூனையை நாய், எப்படி நின்னா என்ன, ஓடறது யாரு?” “பூனை!” திடீரென்று கிளிப்பைக் கழற்றி நாயின் காலரில் மாட்டிவிடுவார். இப்போது நாய் தலைதெறிக்க ஓடும். வகுப்பே கூத்தாடும்.

“‘தான்’னா என்ன?” என்று ஒரு நாள் கேட்டார்.

ரேடியோ எழுந்தாள். நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். “டீச்சர், ‘நான்தான் ஃபர்ஸ்ட்’னா பெருமை. ‘கண்ணாடியை உடைச்சது நான்தான்’னா அடி விழும்.”

“‘ஆவது’?”

இதற்கு ரேடியோகூடக் கொஞ்சம் யோசித்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். “எங்கம்மா ‘நீயாவது படி’ன்னு சொல்லும். அப்ப அதுக்கு அழுகை வர்ற மாதிரி இருக்கும் டீச்சர்.”

டீச்சர் அவன் பக்கத்தில் போய், “சரியாச் சொன்னே. இதைவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். எதிர் அறையில் பட்டதாரி பதிவேட்டை மூடிவிட்டான். ‘நீயாவது’ என்ற சொல்லை அவன் கேட்காத நாள் உண்டா? கல்லூரி விடுதியில் விடும்போது அவன் அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன ஒரே சொல் அது. வாக்கியத்தைக்கூட அவர் முடிக்கவில்லை.

டீச்சர் வீட்டை அவன் தெரிந்துகொண்டது சைக்கிள் பஞ்சரான அன்று. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பஞ்சர் கடை. தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த ஆள், அவன் பள்ளியில் வேலை என்றதும், “அப்ப என் சம்சாரத்தைத் தெரிஞ்சிருக்குமே. ஒட்டு டீச்சர்” என்றார். “நான் டியூபுக்கு ஒட்டு போடுறேன், அவ வார்த்தைக்கு ஒட்டு போடுறா. ஒரே தொழில்தான். என்ன, என் ஒட்டு பிஞ்சா கஸ்டமர் திரும்பி வருவான்.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: “அவரு ‘நாளைக்கு வாங்க’ன்னு சொன்னா ஏமாந்துடாதீங்க தம்பி. ‘நாளைக்கே வாங்க’ன்னு சொன்னா மட்டும் நம்புங்க.”

அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். டீச்சர் ஆவதற்கு முன்னால் நாலு வருஷம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தார். இருபது வயது. ஒரு நாள் காலை, வயதான ஒருவர் தனியாக வந்து எலும்பு டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். உள்ளே போன வார்டு ஆள் திரும்பி வந்து, “வர்றாராம்” என்றான். இவர் பெரியவரிடம், “வர்றார், உட்காருங்க” என்றார். பெரியவர் உட்கார்ந்தார். டாக்டர் வரவே இல்லை, ஊரிலேயே இல்லை. வார்டு ஆளுக்கு யாரோ சொன்னது, அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொன்னது. பெரியவர் எழுந்து போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்திருக்கலாம், போகவில்லை. எழுந்தால் டாக்டரைத் தவறவிட்டுவிடுவோமோ என்று அந்த மர பெஞ்சிலேயே சாயங்காலம்வரை இருந்தார்.

“போகும்போது என்னைத் திட்டல தம்பி. ‘நீ வர்றார்னு சொன்னியேம்மா, அதான் இருந்தேன்’னாரு. வர்றாராம்னு நான் சொல்லியிருந்தா, எழுந்து ஒரு பன்னாவது தின்னுட்டு வந்திருப்பாரு. என் வாயில ஒரு ‘ஆம்’ போச்சு, அந்த மனுஷனுக்கு ஒரு நாள் போச்சு.”

அந்த மேசையில் உட்கார்ந்தபடியே தபால் வழியில் படித்து ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர் அவர். கிளிப்புகளில் ‘ஆம்’ மட்டும் ஏன் சிவப்பு என்று பட்டதாரிக்கு அப்போது விளங்கியது.

சிவப்புக் கிளிப் பாடம் அந்த வருஷம் மழைக்கால விடுமுறை முடிந்த கையோடு தொடங்கியது. சட்டம் சுலபம். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் கிளிப் இல்லை. காதால் கேட்டதைச் சொன்னால் சிவப்புக் கிளிப் மாட்ட வேண்டும். மழை பெய்தது, மழை பெய்ததாம். மாமா கார் வாங்கினார், வாங்கினாராம். ஒரு வாரத்துக்குள் பெற்றோர்கள் தலைமை ஆசிரியையிடம் முறையிட வந்துவிட்டார்கள். “மேடம், ‘மேனேஜர் லீவு தர மாட்டார்’னு வீட்டுல சொன்னேன். ‘நீங்க கேட்டீங்களா, இல்ல தர மாட்டாராமா’ன்னு மடக்குது என் பொண்ணு. மானம் போகுது.” சொன்னவர் ரேடியோவின் அப்பா.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. மழலையர் வகுப்பு வாண்டு ஒன்று, ஒற்றைக் காலில் ஷூவோடு, பள்ளி கேட்டைத் தாண்டித் தெருவைக் கடந்து எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் போய் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடைக்கார அக்கா பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பள்ளி வேன் டிரைவர் அப்போதுதான் வண்டியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்து அனுப்பினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் லாரி போகும்.

டிரைவர் எழுத்தர் அறைக்கு ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்: “பட்டதாரி, குழந்தை ரோட்டைத் தாண்டிடுச்சுப்பா! கேட்ல ஆள் இல்ல. வாட்ச்மேன் தூங்குறாராம்.”

பட்டதாரி தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினான். “மேடம், குழந்தை வெளிய போயிடுச்சு. கிடைச்சிடுச்சு. வாட்ச்மேன் தூங்கிட்டிருந்தார்.”

தலைமை ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “ஏன்யா தூங்கினே?” என்று ஒரே பிடி பிடித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், “பேசாதே. குழந்தைக்கு ஒண்ணுன்னா நீ பதில் சொல்லுவியா?” வேலை நேரத்தில் தூங்கினால் வேலை போகும், அது பள்ளியின் எழுதி வைத்த விதி. பள்ளி நிர்வாகத்தின் செயலாளர் வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார், கடிதத்தைத் தயார் பண்ணு என்று பட்டதாரிக்கு உத்தரவு.

வேலை போனால் வீடும் போகும். கேட்டை ஒட்டின ஒற்றை அறையில்தான் வாட்ச்மேனும் அவர் மகளும் இருந்தார்கள். மனைவி இல்லை. மகள் நர்சிங் படிப்பில் கடைசி வருஷம். அந்த அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கல்லூரி. முடித்தால் அவர்கள் வீட்டில் முதல் டிகிரி. “உங்களை மாதிரியே ஒரு போட்டோ எடுத்து மாட்டணும் தம்பி” என்று வாட்ச்மேன் இரண்டு முறை சொல்லியிருந்தார். பட்டதாரிக்குக் கை கூசத்தான் செய்தது. இருந்தாலும் கடிதம் எழுதுவது அவனுக்குப் பிடித்த வேலை. ‘பணி நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தமையால்’ என்று அடித்துவிட்டு, அந்த ‘மையால்’ எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று ஒரு முறை படித்தும் பார்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை செயலாளர் வீட்டிலிருந்து போன். “ஆமா சார், கடிதம் ரெடி. ஆமா சார், வாட்ச்மேன் தூங்கிட்டிருந்தார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான் பட்டதாரி. சாக்பீஸ் வாங்க வந்த ரேடியோ மேசை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் ஆரம்பித்தாள்.

“சார், நீங்க பாத்தீங்களா?”

“எதை?”

“வாட்ச்மேன் மாமா தூங்கினதை.”

“நான் இங்கதானே இருந்தேன். எப்படிப் பார்ப்பேன்?”

“அப்ப ‘தூங்கிட்டிருந்தாராம்’னு சொல்லணும் சார். கிளிப் மாட்டாமச் சொல்லிட்டீங்க. எங்க கிளாஸ்ல இதுக்கு ஒரு மார்க் போயிடும்.” சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தான் பட்டதாரி. சிரிப்பு வரவில்லை. அவன் எதையும் பார்க்கவில்லை. டிரைவர் வந்து சொன்னார். என்ன சொன்னார்? ‘தூங்குறாராம்.’ தான் என்ன சொன்னான்? ‘தூங்கிட்டிருந்தார்.’ நடுவில் இருந்த ‘ஆம்’ எங்கே போனது? தலைமை ஆசிரியை அறைக்கும் எழுத்தர் அறைக்கும் நடுவே இருக்கிற பதினைந்தடி வராந்தாவில் அவன்தான் அதைத் தவறவிட்டிருக்கிறான். இரண்டு நாளாக ஒரு ஆளின் தலைமேல் தொங்குவது அவன் கழற்றிப் போட்ட ஒரு ஒட்டு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனான். டீச்சர் படித்தார். “உறங்கிக்கொண்டிருந்தமையால். எழுத்து நல்லா இருக்கு. யாரு பாத்தது?”

“அதான் டீச்சர்... டிரைவர் சொன்னார்.”

“டிரைவர் பாத்தாரா?”

“கேக்கல.”

“வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டீங்களா?”

அதையும் அவன் கேட்கவில்லை. டீச்சர் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்து, பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு நடந்தார். பட்டதாரி பின்னாலேயே போனான்.

வாட்ச்மேன் நாற்காலியில் இல்லை; பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் உட்காரவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

“அண்ணே, அன்னைக்கு நீங்க தூங்கினீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். “இல்லம்மா” என்றார். கண் கலங்கிவிட்டது. “ஏன் தூங்கினேன்னு எல்லாரும் கேட்டாங்கம்மா. தூங்கினியான்னு நீங்கதான் கேட்டீங்க.”

மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, மழலையர் வகுப்புப் படியெல்லாம் தண்ணீர். குழந்தைகள் வழுக்கி விழுந்துவிடப் போகிறார்களே என்று பின்பக்கம் மோட்டாரை நிறுத்த ஓடினாராம். கேட்டில் கொண்டியை மட்டும் போட்டாராம், பூட்டவில்லையாம். எட்டு நிமிஷம். “பூட்டாமப் போனது தப்புதாம்மா. அதுக்கு என்ன வேணா சொல்லட்டும். தூங்கலம்மா.”

தெருவைக் கடந்து ஜெராக்ஸ் கடை. வாட்ச்மேன் தூங்கினதைப் பார்த்தீர்களா, டிரைவரிடம் சொன்னது நீங்களா என்று கேட்டார் டீச்சர். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“நானா? தூங்குறார்னு நானா சொன்னேன்? நல்லா இருக்கே கதை! குழந்தையைத் தூக்கிட்டு வந்தேன், கேட்ல நாற்காலி காலியா இருந்துது. ஆத்திரத்துல டிரைவர்கிட்ட, ‘என்னய்யா, உங்க வாட்ச்மேன் தூங்குறாரா’ன்னு கேட்டேன். கேட்டேன் டீச்சர், கேள்வி! ‘இந்த வீட்டுல எனக்கு நாலு கையா இருக்கு’ன்னு நாம கேக்கறதில்லையா? அதுக்காக நாலு கைன்னு எழுதிக்குவாங்களா?”

டிரைவர் வேனுக்குள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆமா, அக்காதான் தூங்குறாருன்னு...” என்று இழுத்தவர் நிறுத்தினார். “தூங்குறாரான்னுதான் கேட்டுது போல. நான் பதட்டத்துல... இந்த எஞ்சின் சத்தத்துல வேற... அடக் கடவுளே.” துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் ‘ஆம்’னு சேர்த்துத்தானேப்பா சொன்னேன்?” என்று பட்டதாரியைப் பார்த்துப் பாவமாகக் கேட்டார்.

“சேர்த்துத்தான் சொன்னீங்க அண்ணே. நான்தான் விட்டுட்டேன்” என்றான் பட்டதாரி.

வராந்தாவில் திரும்பி வரும்போது அவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். ‘தூங்குறாரா’ டிரைவர் வாயில் ‘தூங்குறாராம்’ ஆனது. அவன் வாயில் ‘தூங்கிட்டிருந்தார்’ ஆனது. காகிதத்தில் ‘உறங்கிக்கொண்டிருந்தமையால்’ ஆகி, மூன்று மணிக்கு முத்திரையும் விழப் போகிறது. முதல் இருவரும் சொன்னது பதட்டத்தில். எழுதினது படித்தவன்.

“டீச்சர், நீங்க மேடம்கிட்ட சொல்லிடறீங்களா? நான் இன்னும் வேலையில நிரந்தரம் ஆகல.”

“நான் எதைச் சொல்லுவேன் தம்பி? பட்டதாரி விட்டுட்டாராம்னா? என் வாயில அது காதால கேட்டதுதானே? உங்க வாயிலதான் அது கண்ணால பாத்தது.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. “பயமாத்தான் இருக்கும். நான் வேணா பக்கத்துல நிக்கிறேன்.”

நின்றார். மூன்று மணிக்குச் செயலாளர் வந்து உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார். தலைமை ஆசிரியை கடிதத்தை நகர்த்தி வைத்தார். பட்டதாரி, “மேடம், ஒரு நிமிஷம்” என்றான். “இதுல இருக்கறதை நான் பாக்கல. பாத்தவங்க யாருமே இல்ல. டிரைவர் ‘தூங்குறாராம்’னு சொன்னதை நான் ‘தூங்கிட்டிருந்தார்’னு உங்ககிட்ட சொல்லிட்டேன். தப்பு என்னோடது.” ஜெராக்ஸ் அக்கா கேட்டது, தொட்டி வழிந்தது, மோட்டார், கொண்டி எல்லாவற்றையும் சொன்னான். கேட்டவை ஒவ்வொன்றுக்கும் தவறாமல் ‘ஆம்’ போட்டான்.

“தொட்டி வழிஞ்சது நிஜம்” என்றார் தலைமை ஆசிரியை மெதுவாக. “அன்னைக்குப் படியில தண்ணி நின்னுது, நானே பார்த்தேன். எங்கேருந்து வந்துதுன்னு கேக்கத் தோணல. அந்த மனுஷனைப் பேசவே விடல நான்.”

செயலாளர் ஜெராக்ஸ் அக்காவையும் டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா அறைக்குள் வந்ததும் வராததுமாக, “கேள்வி சார், கேள்வி!” என்றார். செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை மூடினார். கேட்டைப் பூட்டாமல் போனதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போதும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் புதுக் கொண்டி வைக்க வேண்டும். மோட்டாருக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று முடிவானது. பட்டதாரியைப் பார்த்து, “இனிமே கேட்டு எழுதுய்யா” என்றார். அதோடு விட்டார்.

எச்சரிக்கைக் கடிதத்தையும் பட்டதாரிதான் எழுதினான். இந்த முறை டீச்சரிடம் காட்டினான். ‘காவலர் கவனக்குறைவாகவே இருந்தார்’ என்ற வரியில் அவர் விரல் நின்றது.

“இந்த ‘ஏ’ எதுக்கு?”

“ஒரு அழுத்தத்துக்கு டீச்சர்.”

“அழுத்தம் யாரு கழுத்துல விழுதுன்னு பாருங்க. கவனக்குறைவாகவே இருந்தார்னா என்னைக்குமே அப்படின்னு ஆகுது. பதினாலு வருஷம் கேட்ல நின்ன மனுஷன். ‘அன்று’ன்னு போடுங்க. ‘ஏ’யை எடுங்க.”

எடுத்தான். அந்தக் கடிதத்தை வாசித்துக் கையெழுத்துப் போட்ட வாட்ச்மேன், “என்ன தப்பு பண்ணினேனோ அதை மட்டும் எழுதியிருக்கீங்க தம்பி” என்றார். ஒரு எச்சரிக்கைக் கடிதத்துக்கு யாராவது கை கூப்பி அவன் பார்த்ததில்லை. கை கூப்பினால் மூன்றாம் வகுப்பைப் பார்த்துக் கூப்புங்கள் என்றான். அவர் நிஜமாகவே அங்கே போய் வாசலில் நின்றார். டீச்சர் பிள்ளைகளிடம், “யாரு வந்திருக்காங்க?” என்றார்.

“வாட்ச்மேன் மாமா வந்திருக்கார்!” என்று நாற்பது குரல். ரேடியோ எழுந்து, “கண்ணாலேயே பாக்கறோம் டீச்சர், கிளிப் வேணாம்” என்றாள்.

வாட்ச்மேன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பட்டதாரி பிறகு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டான். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, புகாருக்குப் பதில். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கையிலோ ஒரு குடும்பத்தின் கையிலோ போய்ச் சேர்வது. கல்லூரிப் படிப்புதான் அவனுக்குச் சோறு போடுகிறது, அதற்கு அவன் நன்றி மறந்தவன் இல்லை. ஆனால் எழுதுகிற கைக்குப் பொறுப்பு உண்டு என்று அவனுக்குக் காட்டினது மூன்றாம் வகுப்பு. அதை அவன் யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டதில்லை, டீச்சரிடமே சொல்லியிருக்கிறான். “எனக்கெதுக்கு தம்பி? மார்க்கைக் குறைச்சது ரேடியோதானே” என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாட்ச்மேன் போன வருஷம் ஓய்வு பெற்று, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மகளோடு இருக்கிறார். ரேடியோ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பட்டதாரி அதே பள்ளியில் தலைமை எழுத்தர். ஒட்டு டீச்சருக்குத் துணைத் தலைமை ஆசிரியை பதவி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். இப்போதும் மூன்றாம் வகுப்புதான் எடுக்கிறார். இந்த வருஷம் அவரிடம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.